மூடாத சோற்றுக்கூடை

பாக்சானிலிருந்து லாவோஸ் தலைநகர் வியந்தியானுக்கு மூன்று மணி நேரம் பேருந்தில் இடிபட்டு வந்தது ஒரு கூடையை மூடுவதற்காக என்று சொன்னால் யார் நம்புவார்கள்? பூவா அதை மாமியாரிடம் மட்டும்தான் சொன்னாள். சொல்லாமல் கிளம்பியிருந்தால் அதற்கும் சேர்த்து ஒரு பாட்டு வாங்கியிருப்பாள்.

கூடை அவளுடையதுதான். கல்யாணமான வருஷம் வாங்கியது. பதினோரு வருஷமாக அவளும் அவள் புருஷன் சிங்காமும் அதிலிருந்துதான் ஒட்டரிசிச் சோற்றைக் கையால் பிய்த்து, உருட்டி, மிளகாய்த் துவையலில் தொட்டுத் தின்றார்கள். தலைநகரில் அன்றாடப் பொருள்களுக்கு ஒரு கண்காட்சி வைக்கிறோம், கடைப்புதுசு வேண்டாம், புழங்கின கூடைதான் வேண்டும் என்று ஆட்கள் வந்து கேட்டார்கள். ஊரெல்லாம் பார்த்துவிட்டு அவளுடையதைத்தான் எடுத்தார்கள். அவளுக்குப் பெருமை தாங்கவில்லை.

சிங்காம் தன் வண்டியிலேயே கொண்டுபோய்க் கொடுப்பதாகச் சொன்னான். பூவா மூடியைப் போட்டு, கயிற்றால் இரண்டு சுற்றுச் சுற்றிக் கட்டி, பார்த்து முடித்ததும் மூடிவைக்கச் சொல் என்று நாலு தடவை சொல்லி அனுப்பினாள். சாப்பிட்டுவிட்டுச் சோற்றுக்கூடையை மூடாமல் எழுந்தால் புருஷனும் பெண்டாட்டியும் பிரிந்துபோவார்கள் என்பது எங்கள் பக்கம் பேச்சு வராத குழந்தைக்குக்கூடத் தெரியும்.

திரும்பி வந்த பத்தாம் நாள் சிங்காம் ஆற்றைக் கடந்து தாய்லாந்துக்கு வேலைக்குப் போனான். இரண்டு மாதம் போனில் பேசினான். அப்புறம் அந்த எண்ணே உபயோகத்தில் இல்லை என்றது போன். சரியாக அந்த வாரம், தலைநகரில் படிக்கிற பக்கத்து வீட்டுப் பெண் கண்காட்சிப் படத்தை அனுப்பினாள். கண்ணாடிப் பெட்டிக்குள் கூடை வாயைப் பிளந்துகொண்டு நின்றது. மூடி ஒரு முழம் தள்ளித் தனியாகக் கிடந்தது.

மாமியாருக்கு அதற்குமேல் சாட்சி வேண்டியிருக்கவில்லை. "பேரு வரணும்னு கூடையத் தூக்கிக் குடுத்த. இப்ப ஊரே பாக்கத் திறந்து போட்டிருக்கானுங்க. எம்புள்ள எப்படித் தங்குவான்?" என்றாள். ஒரு நாள் சொன்னால் போகட்டும். ஆறு மாதமாக, ஒவ்வொரு வேளையும், பூவா சோற்றில் கை வைக்கிற நேரம் பார்த்துச் சொன்னாள். அதைவிட வயிற்றெரிச்சல், பூவாவும் அதை நம்பினாள். போய் மூடிவிட்டால் அவன் வந்துவிடுவான் என்றுதான் பேருந்து ஏறினாள்.

கண்ணாடிக்குப் பக்கத்தில் ஓர் அட்டை வைத்திருந்தார்கள். உள்ளே ஒரு பின்னல், வெளியே ஒரு பின்னல், நடுவே நிற்கிற காற்று சூட்டை விடாது. மூங்கில் இடுக்கு வழியாக ஆவி போய்விடுவதால் சோறு நீர்விடாது, காயவும் காயாது. தரையில் படாமலிருக்கக் கால், தோளில் மாட்டக் கயிறு. இத்தனை தலைமுறையாக இதில் மாற்ற யாருக்கும் எதுவும் அகப்படவில்லை என்று முடித்திருந்தார்கள். எல்லாம் சரிதான். தின்று முடித்தால் மூட வேண்டும் என்று எழுதத்தான் அந்த மகாராசர்களுக்குத் துப்பில்லை.

அந்தக் கூடத்தைப் பார்த்துக்கொள்கிற பெண்ணின் பெயர் தாரா. பூவா அவளிடம், இது என் வீட்டுக் கூடை, கொஞ்சம் மூடிவிடுகிறேன் என்று கெஞ்சினாள். தாரா சிரிக்கவில்லை. அதிலேயே பூவாவுக்குப் பாதி நிம்மதி.

"எங்க வீட்லயும் மூடாம எந்திரிச்சா அம்மா விளாசிடுவாங்க அக்கா. பகல்ல உள்பின்னல் தெரியட்டும், சாயங்காலமானா மூடிடறேன்னுதான் நான் சொன்னேன். கொண்டாந்தவருதான் வேணாம்னுட்டாரு."

"யாரு? வண்டியில கொண்டாந்த ஆளா?"

"அவருதான். 'மூட வேணாம், திறந்தே கிடக்கட்டும்னு எம்பொண்டாட்டிதான் சொல்லி அனுப்பிச்சா'ன்னாரு. எனக்கே பக்குனு இருந்துச்சு. ரெண்டு தரம் கேட்டேன்." தாரா அவள் முகத்தைப் பார்த்தாள். "நீங்க சொல்லலையா அக்கா?"

பூவா பக்கத்து பெஞ்சில் உட்கார்ந்துவிட்டாள். அப்படியானால் போவதென்று முடிவு பண்ணிவிட்டுத்தான் வண்டியை எடுத்திருக்கிறான். முடிவு பண்ணின பிறகும் பத்து நாள் அவள் கையால் தின்றிருக்கிறான். நீ வேண்டாம் என்று நேரே சொல்ல நாக்கு எழவில்லை பாவிக்கு. அந்தச் சொல்லைக்கூட அவள் தலையில் கட்டிவிட்டுப் போயிருக்கிறான். அவளோ ஆறு மாதமாகத் தன்னால்தான் போனான் என்று குமைந்திருக்கிறாள்.

தாரா சாவி கொண்டுவந்து கண்ணாடியைத் திறந்தாள். பூவா மூடியை எடுத்துப் போட்டாள். பதினோரு வருஷமாக எப்படி உட்கார்ந்ததோ அப்படியே, கொஞ்சமும் பிசகாமல் இறங்கி உட்கார்ந்தது. அட்டையில் எழுதினவர்கள் பொய் எழுதவில்லை, கூடையில் ஒரு குற்றமும் இல்லை. ஒரு நிமிஷம் அதன்மேல் கையை வைத்திருந்தாள். பிறகு மூடியைக் கழற்றி, முன்பிருந்த இடத்திலேயே, ஒரு முழம் தள்ளி வைத்தாள்.

"என்னக்கா, மூடலையா?"

"அன்னிக்கு நான் சொல்லல. இப்பச் சொல்றேன். திறந்தே கிடக்கட்டும்."

மூன்று மணிப் பேருந்துக்கு நேரமிருந்தது. நிலையத்து வாசலில் ஒட்டரிசிச் சோறு வாங்கினாள். பிளாஸ்டிக் பையில் கட்டி வைத்திருந்ததால் வேர்த்து நீர்விட்டிருந்தது. நின்றபடியே அதைத் தின்று முடித்தாள்.