பத்தலங்குண்டு இல்லை, எலி மூளை

ஜப்பானுக்கு அனுப்பிய எலி மூளைச் சீவல்களின் படங்கள் வந்துசேர்ந்த வாரம் பளீலாவுக்குக் கால் நிலத்தில் நிற்கவில்லை. மூளையில் பயத்தோடு தொடர்புள்ள சிறு பகுதி அமிக்டலா. டோபமின் என்ற இரசாயனத்தைச் சுரக்கும் நரம்பு நார்கள் அங்கே எந்த நரம்புக் கலங்களைத் தொடுகின்றன என்பதே அவளது ஆராய்ச்சி. கொழும்பிலிருந்த நுணுக்குக்காட்டியில் நார்கள் தெரிந்தன, தொடுமிடம் தெரியவில்லை. ஜப்பானின் இலத்திரன் நுணுக்குக்காட்டியில் எடுத்த இந்தப் படங்களிலோ, கறுத்த நார்முனையொன்று கலத்தின் கிளையை ஒட்டி நின்றது.

பெருநாளுக்காக அவளைக் கற்பிட்டிக்குக் கூட்டிப்போக வந்த வாப்பா அபூசாலியிடம் வழிநெடுக அதே பேச்சு.

"தொட்டிருக்கு வாப்பா! நெசமாத் தொட்டிருக்கு!"

"ஓம் மகள், கேட்டன். மெல்லக் கதை, ஆக்கள் பாக்குறாங்க."

புத்தளம் தாண்டியதும் சோதனைச்சாவடியில் பஸ் நின்றது. சண்டை உச்சத்திலிருந்த காலம். எல்லாரும் இறங்கிப் பைகளைத் திறக்கவேண்டும். பளீலாவின் படங்களைக் கண்ட சிப்பாயின் முகம் மாறியது. சாம்பல் நிறத்தில் தீவுகள், வாய்க்கால்கள், கரும்புள்ளிகள். ஆகாயத்திலிருந்து எடுத்ததென்று நினைத்து அதிகாரியைக் கூப்பிட்டான்.

"இது எந்த இடம்?" அதிகாரி சிங்களத்தில் கேட்டார்.

பஸ்ஸில் வந்த மீனவர் அல்பிரட் எட்டிப் பார்த்து, உதவி செய்வதாக நினைத்து, "பத்தலங்குண்டுத் தீவு மாதிரித்தான் கிடக்கு, சேர்" என்றார்.

பளீலாவுக்குச் சிரிப்புப் பீறிட்டது. அடக்க அடக்கக் கூடியது.

"எலி, சேர்! எலிட மூளை!" என்று தட்டுத்தடுமாறிச் சிங்களத்தில் சொன்னாள். குச்சியொன்றை எடுத்து மணலில் எலித்தலை கீறினாள். நடுமூளையிலிருந்து கோடுகளை இழுத்து வந்து அமிக்டலாவில் முடித்தாள். அதிகாரி தலைகீழாகப் பிடித்திருந்த படத்தை நேராக்கிக் கொடுத்து, நார் தொடுமிடத்தைக் காட்டினாள்.

அவர் நெடுநேரம் உற்றுப் பார்த்தார். "ஆ! தெரியுது!" என்று திடீரெனக் கத்தினார். சிப்பாய்களும் பயணிகளும் முண்டியடித்தார்கள்.

"மனிசருக்கும் இப்பிடித்தானா?" என்று அதிகாரி கேட்டார்.

"அப்பிடித்தான் இருக்கோணும். ஆனா பாக்கிறதுக்குத் தலைய யார் சேர் வெட்டத் தருவாங்க?"

சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்தாள். வாப்பா கண்ணை மூடிக்கொண்டார். அதிகாரியோ தொப்பியைக் கழற்றிவிட்டு வயிறு குலுங்கச் சிரித்தார். படங்களை அடுக்கி அவள் கையிலேயே கொடுத்தார்.

பஸ் புறப்பட்டதும் படங்கள் ஆசனம் ஆசனமாகச் சுற்றின. அல்பிரட் மட்டும் அது தீவுதான் என்பதை இன்னும் விட்டுக்கொடுக்கவில்லை. கண்டக்டர் நார்முனையைத் தேடிக்கொண்டிருந்ததில், நுரைச்சோலையில் இறங்கவேண்டிய றஹ்மத் உம்மா மரக்கறிக் கூடையோடு வெகுதூரம் வந்துவிட்டாள்.

"எலிட தலைக்குள்ள பூந்து என்ட இறக்கத்த உட்டுட்டீங்களே!"

சாரதி பஸ்ஸைப் பின்னால் எடுத்தான். தெருவோரத்துச் சனம் வாய் பிளந்து நிற்க, பஸ் முழுக்கச் சிரித்தபடி பின்பக்கமாகவே நுரைச்சோலைக்குப் போனது.