ஐந்து குழிக்கு ஒரே கட்டைவிரல்

குடிநீர்க் கிணற்றில் மலக்கிருமி இருப்பதாகப் பரிசோதனை முடிவு வந்தது. நான் நம்பவில்லை. இன்னொரு பாட்டில் தண்ணீர் பிடித்து வந்து மறுபடி சோதித்தேன். அதே முடிவு. நாற்பதாயிரம் பேர் குடிக்கிற கிணறு. அதைக் காப்பதற்குத்தான் எனக்குச் சம்பளம்.

எங்கள் மண்ணுக்கடியில் கெட்டியான களிமண் அடுக்கு ஒன்று இருக்கிறது. அதற்கு மேலே சாக்கடை ஊறிய தண்ணீர், கீழே நாங்கள் குடிக்கிற தண்ணீர். களிமண்ணை யாராவது துளைத்தால்தான் இரண்டும் கலக்கும். போன மாதம் துளைத்தார்கள். எதிர்த்தெருவில் எழும்பும் அலுவலகக் கட்டடத்துக்கு, நிலத்தடி நீரை இழுத்து, கட்டடத்தின் வெப்பத்தை அதில் ஏற்றித் திரும்ப மண்ணுக்குள் விடும் குளிரூட்டும் இயந்திரம் வருகிறது. அதற்காக ஐந்து குழிகள். களிமண் இருக்கும் ஆழத்தில் குழாயைச் சுற்றிச் சிமெண்ட் பால் ஊற்றி அடைக்கவேண்டும் என்பது நிபந்தனை. குழி போட்டவன் என் தம்பி. 'சரிபார்க்கப்பட்டது' என்று கையெழுத்துப் போட்டவள் நான்.

தம்பி கொடுத்த குழிப் பதிவுக் கோப்பைப் பிரித்தேன், குழிக்கு ஒரு தாள். ஐந்து தாளிலும் களிமண் எழுபதடியில். ஐந்திலும் வலது மூலையில் கிரீஸ் படிந்த கட்டைவிரல் ரேகை. ஒரே இடம், ஒரே சாய்வு. முதல் குழியின் தாளை நகலெடுத்துத் தேதியை மட்டும் மாற்றியிருக்கிறான், பாவி! தம்பிதானே என்று நானும் கண்ணை மூடிக்கொண்டு போட்டிருக்கிறேன்.

கோப்போடு நேராகக் கட்டடத்துக்குப் போனேன். என் முகத்தைப் பார்த்ததும் அவன் என்னைத் தகரக் கொட்டகைக்குள் தள்ளிக்கொண்டு போனான்.

"அஞ்சு குழியிலயும் எழுபதடியாடா?"

"ஒரே தெருதானேக்கா. இங்க எழுபதுன்னா அங்க மட்டும் மாறிடுமா?"

"துளை போடுற மெஷின் ஓட்டுறவனைக் கூப்பிட்டுக் கேக்கட்டுமா?"

கொட்டகைக் கதவைச் சாத்தினான். "கடைசிக் குழியில நூறுலதான் வந்துச்சுன்னான். அவன் சொல்றப்போ சிமெண்ட் ஊத்தி முடிச்சாச்சு."

அதாவது, அடைத்த இடத்தில் களிமண்ணே இல்லை. களிமண்ணில் போட்ட ஓட்டை ஒரு மாதமாகத் திறந்தே கிடக்கிறது. நாக்குக் கூசாமல் சொல்கிறான்!

"ரெண்டு நாள் டைம் குடுக்கா. சத்தமில்லாம அடைச்சிடறேன். வெளிய தெரிஞ்சா என் லைசென்ஸ் போயிடும். உன் வேலையும்தான். நீயும்தானே கையெழுத்துப் போட்ட?"

ஒரு நிமிடம் நான் யோசித்தேன். அப்படி யோசித்ததற்காக இன்னும் என்மேலேயே எனக்கு ஆத்திரம்.

நான் பேசாமல் இருந்ததைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டு, அவன் போனோடு வெளியே போனான். தகரச் சுவர் எதை மறைக்கும்? மனைவியிடம் பேசுகிறான்.

"பாப்பாவுக்குக் குழாய்த் தண்ணி குடுக்காதே. காய்ச்சியும் குடுக்காதே. கேன் வாங்கிக்கோ. ஏன்னு கேக்காதே, சொன்னதைச் செய்."

நான் வெளியே வந்தேன். அவன் எதிரிலேயே நின்று நீரேற்று நிலையத்துக்குப் போன் போட்டேன்.

"கிணத்து மோட்டாரை நிறுத்துங்க. குழாய்த் தண்ணி குடிக்கவேண்டாம்னு எல்லா வீட்டுக்கும் சொல்லுங்க. இப்பவே."

"காரணம் என்னன்னு எழுதட்டும், மேடம்?"

"பொய்க் கணக்கு எழுதினது என் தம்பி. பாக்காம கையெழுத்துப் போட்டது நான். அப்படியே எழுதுங்க."

"இப்படிக் கவுத்துட்டியேக்கா," என்றான் தம்பி.

"இன்னைக்குத்தானேடா வேணாம்னு சொன்னே? இந்த ஒரு மாசமா உன் பொண்ணு எதைக் குடிச்சா?"

அவன் கையிலிருந்த போனில் மறுபடி வீட்டு நம்பரை அழுத்தினான்.