பால்குடி மறந்த வாரம்

"பிரமோஷன் டிரெயினிங்குக்கு மதுரை போறேன். வர்ற வரைக்கும் பிள்ளைய நீங்க பாத்துக்கோங்க."

புருசனிடம் இதை மட்டும் கேட்டுவிடாதே என்று ஜெயப்பிரியாவின் அம்மா தலைப்பாடாய் அடித்துக்கொண்டிருந்தாள். வீட்டின் முதல் டிகிரிக்காரி கேட்டேவிட்டாள்.

முத்துசெல்வம் சிரித்தான். "நான் கடையில பருப்பு நிறுக்கவா, பிள்ளைக்குக் கால் கழுவவா?"

"ரெண்டையும் செய்யுங்க. ஆபீசுக்கும் போய்க்கிட்டு நான் செய்யுதேன்ல."

மாமியார் ஆவுடைத்தாய் அடுப்படியிலிருந்து கேட்டாள்: "ஏட்டி, பால்குடி மறக்காத பிள்ளைய விட்டுட்டு எந்தச் சீமைக்கு ஆபீசராப் போற?"

"மறந்துட்டா அத்தை. வேப்பிலைய அரைச்சு மார்ல தடவி ஒரு வாரமாச்சு. நேத்து என் பக்கமே வரல."

தொட்டிலில் மகள் சிணுங்கினாள். பால் கட்டிய மார்பு கல்லாய் வலித்தது.

"அழுதா, போய்ப் பாருங்க" என்று முத்துசெல்வத்திடம் சொல்லிவிட்டு, பையைத் தூக்கிக்கொண்டு ஜெயப்பிரியா பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தாள்.