அணிலின் பங்காளி

கடல் தாண்டி ஒல்லாந்தரின் பத்தாவியாவுக்குப் போகும் கப்பல் ஏரியின் முகத்துவாரத்துக்கு வெளியே நங்கூரம் போட்டு நின்றது. என் மேல் சுமத்திய திருட்டு உறுதியானால் என்னை அதில் ஏற்றிவிடுவார்கள். அப்படிப் போனவர்கள் யாரும் எங்கள் கோட்டைக்குப்பத்துக்குத் திரும்பி வந்ததில்லை.

கடல் சீறும் மாதங்களில் வலையை மடித்து வைத்துவிட்டு, ஒல்லாந்து வியாபாரி ஒருவரின் துணிக்கிடங்குக்குக் காவல் இருப்பேன். அந்த வருஷம் சிவப்புச் சாயத் துணிகளில் ஓரமெல்லாம் காணோம். எலிப்பொறிகளோ காலியாகவே கிடந்தன. காவல்காரன்தான் கிழித்து விற்றுவிட்டான் என்று என் காலைக் கட்டிப்போட்டார் வியாபாரி.

என் நல்ல காலம், வைத்தியர் துரை ஒருவர் அங்கே வந்தார். பூச்சி, பறவை, எலும்பு எல்லாவற்றையும் இனம் இனமாகப் பிரித்துப் பெட்டியில் அடுக்குகிறவர், தமிழும் பேசுவார். துணியை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"கத்தி இல்லை, பல். எலி இல்லையென்றால் அணில்."

எனக்கு உயிர் வந்தது. அதைக் கெடுத்தவள் என் மனைவி எல்லம்மா. என்னை விட்டுவிடச் சொல்லிக் கெஞ்ச வந்தவள், அணில் என்றதும் கெஞ்சலை மறந்துவிட்டாள்.

"அணிலு இன்னா பண்ணுச்சு? ராமரு முதுவுல தடவிக் குடுத்த ஜாதி. எலியோட சேத்துப் பேசாதீங்க தொர."

"அணில் இல்லையென்று அவன் பெண்டாட்டியே சொல்லிவிட்டாள்" என்றார் வியாபாரி.

நான் தலையில் அடித்துக்கொண்டேன். புருஷன் கப்பலேறப் போகிறான், இவளுக்கு அணிலின் மானம் பெரிதாகிவிட்டது.

வைத்தியர் கோபப்படவில்லை. எலி மண்டையோடு ஒன்று, அணில் மண்டையோடு ஒன்று எடுத்து அவள் முன் வைத்தார். பக்கத்தில் ஒரு கல். அதற்குள் பொடித் தாடை ஒன்று கல்லாகவே மாறிப் பதிந்திருந்தது. அவர் தேசத்துப் பக்கம் பாறைக்குள் கிடைத்ததாம்.

"முன்னால் உளி மாதிரி பல். அதற்குப் பின்னால் வெறும் இடம். மூன்றிலும் அப்படித்தான். எந்தக் காலத்திலோ செத்தது இது. எல்லாம் பங்காளிகள், அம்மா."

எல்லம்மா கல்லை விரலால் தடவிப் பார்த்தாள். எனக்குச் சோறு கொண்டு வரும்போதெல்லாம் அணிலுக்கும் பருக்கை போட்டவள் அவள். கூடு இருக்கும் இடம் அவளுக்குத் தெரியும்.

"கூட்ட காட்டுறேன். அத்த ஒண்ணும் பண்ண மாட்டேன்னு சொல்லுங்க."

வைத்தியர் வாக்குக் கொடுத்தார். கிடங்குக்குப் பின்னால் பூவரச மரத்தில் இருந்தது கூடு. உள்ளே சிவப்புத் துணிக் கிழிசல். அதன் மேல் கண் திறக்காத குட்டிகள். வியாபாரி என் கட்டை அவிழ்க்கச் சொன்னார். வைத்தியர் கூட்டை எடுத்த இடத்திலேயே பதமாக வைக்கச் செய்தார்.

கப்பல் நான் இல்லாமல் போனது. இன்றும் ஏரியில் தோணி இறக்கும்போது, அந்த மனுஷர் எங்கே இருந்தாலும் நன்றாக இருக்கவேண்டும் என்று கும்பிட்டுக்கொள்கிறேன். எல்லம்மாவைத் தனியாக நினைக்க வேண்டியதில்லை. பக்கத்திலேயே இருந்து ஏசுகிறாள். அதைக் கேட்கக் கொடுத்து வைத்திருக்கிறேன்.

ஒரே ஒரு தொல்லை. அணிலுக்குச் சோறு வைக்கும்போது வலை கிடக்கும் மூலையிலும் இப்போது ஒரு பிடி வைக்கிறாள்.

"அங்க எலிதானே வரும்?" என்றேன்.

"பங்காளியாச்சே. அதுக்கு மட்டும் வைக்காம இருக்கலாமா?"

எலி சோற்றையும் தின்றுவிட்டு என் வலையையும் கடிக்கிறது. நான் உட்கார்ந்து முடிச்சுப் போடுகிறேன். போடுவதற்கு ஊரில் இருக்கிறேனே.