பெலிசாரியோ தூங்கிய மரங்கள்

பெலிசாரியோ அடியில் படுத்து ஒரு தூக்கம் போட்ட மரம் பதினோராம் நாள் காய்த்துவிடும். மேத்தா ஆற்றங்கரையிலுள்ள லா எஸ்பெரா ஊரில் இது காளை விலையைப் போல எல்லாருக்கும் தெரிந்த விஷயம். காரணமும் தெரியும். பிறந்தபோது அவனுக்கு ஒரு விரைதான் பையில் இறங்கியிருந்தது; மற்றது அடிவயிற்றிலேயே தங்கிவிட்டது. தடுப்பூசி போட வந்த நர்ஸ், ஒன்றரை வயதுக்குள் நகரத்தில் அறுவை செய்து இறக்கிவிடச் சொன்னாள். “வீட்ட விட்டு எறங்காத பிள்ள வீட்டுக்கு நல்லதும்மா” என்று சிரித்து அனுப்பிவிட்டாள் அவன் அம்மா. அவன் தூளி கட்டிய மாமரம் அந்த வருடம் மூன்று முறை காய்த்தது. பிறகு யாரும் அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

அவன் மனைவி ஒதிலியா குதிரைக்குட்டிகளுக்குக் காயடிப்பவள். உள்ளே ஒளிந்த விரையைத் தேடி எடுக்க, மூன்று நாள் சவாரி தூரத்திலிருந்தும் அவளை அழைத்துப்போவார்கள். உள்ளே தங்கியது என்றைக்காவது கெடும் என்பது அவள் தொழிலின் முதல் பாடம். ஆனாலும் புருஷன் விஷயத்தில் ஊரோடு சேர்ந்து அவளும் வாய்பிளந்தாள். அதிசயத்தைக் கட்டிக்கொண்டவளுக்குக் கண் எங்கே தெரியும்? அவர்களுக்குக் குழந்தைதான் பிறக்கவில்லை.

முப்பத்துநாலாம் வயதில் அவனால் செத்த மரமும் துளிர்த்தது. அவன் உட்கார்ந்த நாற்காலி இலைவிட்டது. கோயில் பெஞ்சு தரையில் வேர்விட்டது. விருந்துக்குப் போன வீட்டில் மரக்கரண்டி பூத்தது. ஊர் மண்டியிட்டு மெழுகுவத்தி ஏற்றியது. ஒதிலியா மட்டும் மண்டியிடவில்லை. முன்பெல்லாம் காய்த்த மரம் ஓய்ந்தது. இந்தத் துளிர்ப்புக்கு நிற்கவே தெரியவில்லை. குட்டிகளைத் தடவும் கையால் அவன் அடிவயிற்றைத் தடவினாள். உள்ளே கொய்யாக்காய் அளவில் கல்லாக ஒன்று இருந்தது.

“யோவ், கெளம்பு.”

“எனக்கு வலிக்கவே இல்லடி.”

“வலிச்சா குதிர ஒதைக்கும், தெரிஞ்சிரும். வலிக்காததுதான் ஆளத் தூக்கும்.”

படகுத்துறையில் ஊரே மறித்தது. “தாயி, அத எடுத்துட்டா எங்க மாமரமெல்லாம் என்ன கதியாகும்?” என்று மளிகைக்கடை ரொசெந்தோ அழாத குறையாகக் கேட்டான்.

“உன் மாமரத்துக்காக நான் விதவையாகிக் கறுப்பு உடுத்த முடியாது. மே மாசம் வரைக்கும் பொறுத்துத் தின்னு. மத்த ஊர்க்காரங்க என்ன செத்தா போயிட்டாங்க?”

நகரத்து டாக்டர்கள் புற்று என்றார்கள். குழந்தையிலேயே இறக்கியிருந்தால் ஆபத்து குறைந்திருக்கும், இப்போதும் காலம் கடந்துவிடவில்லை என்றார்கள். அறுத்து எடுக்கும்போது அறுவை அறையின் மரக்கதவு கிளைவிட்டது. ஒரு நர்ஸ் அதைக் கத்தரித்துவிட்டு வேலையைப் பார்த்தாள். நாலு மாதம் மருந்து ஏறியது. முடி உதிர்ந்து, புருவம் உதிர்ந்து, ஆள் மட்டும் மிஞ்சி ஊர் திரும்பினான்.

மாமரங்கள் பருவத்துக்குக் காய்த்தன. ஊர் ஒரு வருடம் முணுமுணுத்து, பிறகு பழகிக்கொண்டது. மிச்சமிருந்த விரையை மாதம் ஒருமுறை தடவிப் பார்க்கும்படி டாக்டர் சொன்னதை பெலிசாரியோ தவறவிட்டதில்லை. ஒதிலியாவுக்கு அது போதவில்லை. முப்பத்தொரு வருடம், தினமும் காலையில், அவன் எழுந்துபோன நாற்காலியைக் கால்முதல் கைப்பிடிவரை தடவிப் பார்த்தாள். ஒரு துளிர்கூட இல்லாமல் அது வெறும் கட்டையாக இருப்பதைக் கண்டு, ஒவ்வொரு நாளும் புதிதாக அதிசயித்துவிட்டுக் காப்பி போடப் போனாள்.