கொடிக்கயிற்றில் ஒரு ஏரியல்

"இன்னாபா மகாராஜா, மொட்ட மாடில ஒயரு கியரு எதுனா பாத்தேன், ரூம காலி பண்ணிக்கினு போய்க்கினே இரு."

ஹவுஸ் ஓனர் பரசுராமன் முன்பே சொல்லிவிட்டார். போன வருஷம் எவனோ மாடி வழியாகக் கொக்கி போட்டு கரண்ட் எடுத்தானாம். அதிலிருந்து ஒயரைக் கண்டாலே அவருக்கு ஆகாது.

எனக்கோ ஏரியல் வேண்டும். வெளிநாட்டுத் தமிழ் வானொலி ஒன்றுக்குத் தபால் அட்டை போட்டிருந்தேன். நாற்பது வயதுக்கு மேல் எழுத்துக்கூட்டப் பழகி, நானே எழுதிய முதல் அட்டை. ஞாயிறு மாலை நேயர்களின் பெயரை வாசிப்பார்கள். ஏரியல் இல்லாமல் சிற்றலையைத் திருகினால் நாங்கள் இருக்கும் இருங்காட்டுக்கோட்டைக் கம்பெனிகளின் இரைச்சல்தான் வருகிறது.

மோட்டார் காயில் சுற்றும் கடையில் மெல்லிய செம்புக் கம்பி வாங்கினேன். மாடியில் துணி காயப்போடும் நைலான் கயிற்றோடு சேர்த்து முறுக்கி, நுனியைக் குழாயை ஒட்டி என் ஜன்னலுக்கு இறக்கினேன். பார்த்தால் தெரியாது. சனிக்கிழமை ரேடியோவைப் போட்டுப் பார்த்தேன். பக்கத்து ரூமில் பேசுகிற மாதிரி கேட்டது.

ஞாயிற்றுக்கிழமைதான் எல்லோரும் துவைப்பார்கள். நானும் அன்றுதான் துவைப்பேன். அது எனக்குத் தோன்றவேயில்லை.

மாலையில் ரேடியோவில் ஒரே கொரகொரப்பு. மாடிக்கு ஓடினேன். அத்தனை ரூம் யூனிஃபார்மும் சொட்டச் சொட்டத் தொங்க, கயிறு தொய்ந்து, செம்புக் கம்பி மாடிப்படியின் தகரக் கூரையைத் தொட்டுக்கொண்டு கிடந்தது. கைக்கு வந்ததையெல்லாம் உருவிப் போட்டேன்.

"ஏ மகராசண்ணே! எஞ் சட்டைய எதுக்கு உருவுதிய?"

எதிர் ரூம் முப்பிடாதி, தென்காசிக்காரன். வாளியோடு நின்றான்.

"மழ வருதுடே."

"வெயிலு மண்டையப் பொளக்கு. பேரு மகராசா, பாக்குறது துணி களவாங்குற வேலையாக்கும்? நாளைக்கு ஃபர்ஸ்ட் ஷிப்ட்டு, ஈரத்தையா போட்டுட்டுப் போவ?"

கயிறு இறுகி மேலே ஏறியிருந்தது. கீழே என் ஜன்னலிலிருந்து பெண் குரல் தெளிவாக வந்தது: இந்த வார நேயர்கள்...

"ரெண்டு நிமிசம் பொறுடே."

"எதுக்கு?"

சொன்னால் பரசுராமன் காதுக்குப் போய்விடும். அவன் சட்டைகளைத் திரும்பப் போட ஆரம்பித்தான்.

"இருங்காட்டுக்கோட்டையிலிருந்து..." என்றது குரல்.

அவன் பிழியாத ஜீன்ஸைத் தூக்கிப் போட்டான். கயிறு தகரத்தில் உட்கார்ந்தது. கொரகொரப்பு.

முப்பிடாதி கையை லுங்கியில் துடைத்தான். "கீழ ரேடியாவுல இந்த ஊருப் பேரச் சொன்ன மாதிரி இருந்துச்சே. யாருண்ணே அது?"

"அதக் கேக்கத்தானடே நீ விடல."