ஏறாத எண்

அப்பாவின் தாடையைச் சேர்த்துக் கட்டிக்கொண்டிருந்த அண்ணனிடம், "முடிச்சுட்டு வண்டிய எடு. ஆஸ்பத்திரிக்குப் போறோம்" என்றாள் அவள்.

"எழவு வீட்டுலேருந்து சண்டைக்குப் போறதா?"

"தூக்கிட்டுப் போனப்புறம் கேட்டா எவன் பதில் சொல்லுவான்?"

அவளுக்கு ஒருத்தர்மேலும் நம்பிக்கையில்லை. அப்பாவின் புராஸ்டேட் சுரப்பியை அறுத்தெடுத்த கையோடு டாக்டர் சொல்லியிருந்தார்: புற்று திரும்பி வரலாம். வந்தால் ரத்தத்தில் பி.எஸ்.ஏ. என்கிற எண்தான் முதலில் ஏறும். அப்போதே கதிர்வீச்சு கொடுத்தால் ஆளைப் பிழைக்கவைக்க வழியுண்டு. எண் ஏறவேயில்லை. ஒவ்வொரு தடவையும் சைபரை ஒட்டியே வந்தது. அப்பாவின் முதுகுவலியை பஸ் ஓட்டுகிறவரின் முதுகுவலி என்றே எல்லாரும் விட்டுவிட்டார்கள். போன வாரம் ஸ்கேன் எடுத்தபோது புற்று எலும்பையெல்லாம் அரித்துவிட்டிருந்தது.

லேப்காரன் ரத்தத்தைச் சாக்கடையில் ஊற்றிவிட்டு வாய்க்கு வந்ததை அச்சடித்திருக்கிறான். டாக்டர் கண்ணை மூடிக்கொண்டு நம்பியிருக்கிறார். டிரைவர் குடும்பம்தானே, எவனுக்கு என்ன புரியப்போகிறது என்ற திமிர். இந்த வீட்டிலும் ஒருத்தி படித்துக் கிழித்திருக்கிறாள் என்று காட்டாமல் விடுவதாக இல்லை.

அண்ணன் வண்டியை எடுக்க வெளியே போன சற்று நேரத்தில், வீடு வீடாக வந்து ரத்தம் எடுக்கும் அந்த லேப்காரரே வாசலில் செருப்பைக் கழற்றினார். தானாக வந்து மாட்டுகிறான் என்று நினைத்துக்கொண்டாள். அவர் அப்பாவின் முகத்தைப் புது ஆளைப் பார்ப்பதுபோலப் பார்த்தார். பிறகு அம்மா பக்கத்தில் உட்கார்ந்து தணிந்த குரலில் கேட்டார்.

"போன தடவ நரம்பு கிடைக்காம ரெண்டு எடத்துல குத்திட்டேனேம்மா. கை வீக்கம் வத்திடுச்சா?"

அம்மா கையை மடிக்குள் இழுத்துக்கொண்டாள்.

"அம்மாவுக்கு எதுக்கு ரத்தம் எடுத்தீங்க?"

"டெஸ்ட்டே அம்மாவுக்குத்தானேங்க? ஆஸ்பத்திரி கார்டுதான் சார் பேர்ல இருக்குன்னு அம்மா சொன்னாங்க. சார நான் இன்னைக்குத்தான் பாக்குறேன்."

அவள் அம்மாவைச் சமையலறைக்கு இழுத்துப்போனாள். அம்மா சுவரைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். ரத்தம் எடுக்கிற நாள் நெருங்கினால் அப்பா சாப்பிடமாட்டாராம். என்ன எண் வருமோ என்று விடிய விடியப் புரண்டுவிட்டு, லேப்காரர் வருமுன்னே டூட்டி என்று கிளம்பிவிடுவாராம். வந்தவரைத் திருப்பி அனுப்பினால் மகள் கத்துவாளே என்று, அம்மாவே கையை நீட்டியிருக்கிறாள்.

"ஒரே வீடு, ஒரே சோறு. என் ரத்தத்துல என்ன பெருசா மாறிடப்போவுதுன்னு நெனச்சேன். ரிப்போர்ட்டு நல்லாருக்குன்னு நீ சொன்னா, அன்னைக்கு வயிறாரச் சாப்பிடுவார்டி."

புராஸ்டேட்டே இல்லாத பெண்ணின் ரத்தத்தில் அந்த எண் எப்போதும் சைபரை ஒட்டித்தான் இருக்கும். அவள் வாயைத் திறந்தாள்.

"அதனால ஒண்ணும் ஆயிடலையே?" என்று அம்மா அவள் பக்கம் திரும்பினாள்.

வெளியே வண்டி உறுமியது. வருகிறாயா இல்லையா என்று அண்ணன் குரல் கொடுத்தான்.

"வரல. நீ உள்ள வா" என்றாள்.

அம்மா இன்னும் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சில பேருக்கு எண் ஏறாமலேயே புற்று வந்துடும்மா."

அம்மாவின் கையை எடுத்துத் திருப்பினாள். முழங்கைக்கு உள்பக்கம் நீலம் பாரித்த இடத்தில் கட்டைவிரலை வைத்து, ரத்தம் இன்னும் நிற்காததுபோல, மெல்ல அழுத்திப் பிடித்துக்கொண்டாள்.